சிறந்த முன்னாள் மாணவர் விருது: தேடல் முதல் மேடை வரை ஒரு முழு வழிகாட்டி

சந்திரயான்-3 நிலவில் இறங்கிய பிறகு, 2023 அக்டோபரில், இஸ்ரோவில் சாதித்த தமிழ்நாட்டு விஞ்ஞானிகள் 9 பேரைத் தமிழ்நாடு அரசு அழைத்துப் பாராட்டி ஆளுக்கு 25 லட்சம் ரூபாய் கொடுத்தது. சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் ப. வீரமுத்துவேல் தனக்கு வந்த தொகையைத் தான் படித்த கல்வி நிலையங்களுக்கே பகிர்ந்து கொடுத்துவிட்டார். திருச்சி என்.ஐ.டி.யும் ஐஐடி மெட்ராஸும் அந்தப் பட்டியலில் இருந்ததில் வியப்பில்லை. டிப்ளமோ படித்த விழுப்புரம் பாலிடெக்னிக்கும் இருந்தது. அதுதான் என்னை நெகிழ வைத்தது.

அப்படி ஒருவர் உங்கள் கல்லூரியிலிருந்தும் போயிருப்பார். அவர் நிலவுக்கு விண்கலம் அனுப்பியிருக்க வேண்டியதில்லை. மாவட்ட மருத்துவமனையில் பிரசவ வார்டை மாற்றிக் காட்டிய செவிலியராக இருக்கலாம். ஒரு வறண்ட வட்டாரத்தில் நுண்ணீர்ப் பாசனத்தை வேரூன்ற வைத்த வேளாண் அலுவலராக இருக்கலாம். பெரும்பாலான கல்லூரிகளுக்குத் தங்கள் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதே தெரியாது. தெரிந்திருந்தால், அதே வகுப்பில் இன்று உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு எவ்வளவு தெம்பாக இருக்கும்!

அரசு கலைக் கல்லூரி, அரசு உதவி பெறும் கல்லூரி, பாலிடெக்னிக் ஆகியவற்றின் முன்னாள் மாணவர் சங்கங்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பெரிய நிறுவனங்களில் இதற்கென்று தனி அலுவலகமே இருக்கிறது. நம்மிடம் இருப்பது ஒரு செயலாளர், ஒரு பொருளாளர், ஒரு வாட்ஸாப் குழு. அதை வைத்துக்கொண்டே இதைச் சரியாகச் செய்துவிடலாம்.

படி 1: விருது எதற்கு என்று முடிவு செய்யுங்கள்

கல்லூரிக்குக் கட்டடம் கட்டிக் கொடுத்தவரைப் பாராட்ட வேண்டும். சங்கத்துக்காக ஓடியாடி உழைத்தவரையும் பாராட்ட வேண்டும். ஓய்வு பெற்ற பேராசிரியரையும் அழைத்து மரியாதை செய்ய வேண்டும். இவை எல்லாமே நல்ல காரியங்கள். ஆனால் தொழிலில் சாதித்தவருக்கான விருதோடு இவற்றைக் கலக்காதீர்கள். நன்கொடையாளருக்கு ஒரு கல்வெட்டு வையுங்கள், நன்றி விழா எடுங்கள். அவருக்கே சாதனை விருதையும் கொடுத்தீர்கள் என்றால், பணம் கொடுத்தால் விருது கிடைக்கும் என்ற பேச்சு அடுத்த வருடமே கேன்டீனில் வந்துவிடும். அது ஒருமுறை வந்துவிட்டால், தகுதியான ஒருவரை அழைக்கும்போது அவரே யோசிப்பார்.

அடுத்தது, 'முன்னாள் மாணவர்' என்று யாரைக் கணக்கில் எடுப்பது. பார்க்க எளிதாகத் தோன்றும், வருடா வருடம் சண்டை வருவது இங்கேதான். 1978இல் பிளஸ் டூ வரும் வரை, பட்டப் படிப்புக்கு முந்தைய புகுமுக வகுப்பான பி.யு.சி. கல்லூரியில்தான் இருந்தது. ஒரே ஒரு வருடம் பி.யு.சி. மட்டும் படித்துவிட்டு வேறு ஊருக்குப் போனவர்கள் ஏராளம். பட்டம் முடிக்காமல் வேலைக்குப் போனவர்கள், மாலைக் கல்லூரியில் படித்தவர்கள், ஆய்வுப் பட்டத்துக்கு மட்டும் வந்தவர்கள் என்று பட்டியல் நீளும். அப்துல் கலாமைத் திருச்சி தூய வளனார் கல்லூரியும் கொண்டாடுகிறது, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யும் கொண்டாடுகிறது. இரண்டுக்கும் அந்த உரிமை உண்டு. என் யோசனை: சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் இருந்து, குறைந்தது ஒரு கல்வியாண்டு படித்திருந்தால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலைக் குறுக்காதீர்கள்.

விருதின் பெயரும் முக்கியம். 'சிறந்த முன்னாள் மாணவர் விருது' என்பதே போதும். கௌரவ டாக்டர் பட்டம் என்ற பேச்சை யாராவது எடுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பட்டம் வழங்கும் அதிகாரம் பல்கலைக்கழகங்களுக்கும் சட்டம் அனுமதித்த நிறுவனங்களுக்கும்தான் உண்டு. இணைப்புக் கல்லூரியோ சங்கமோ அதைச் செய்ய முடியாது.

படி 2: சங்கத்தின் பதிவும் பணமும்

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் 7 பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் வருடாந்திரக் கணக்கைத் தாக்கல் செய்வது விடுபட்டிருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். கல்லூரிகளின் தரத்தை அளக்கும் நாக் (NAAC) மதிப்பீட்டில் ஐந்தாவது அளவுகோலில் முன்னாள் மாணவர் பங்களிப்புக்கு 5.4 என்று தனிப் பிரிவு இருக்கிறது. பதிவு பெற்ற சங்கம் இருக்கிறதா, அது என்ன செய்தது என்று அங்கே கேட்பார்கள். முதல்வரிடம் பேசப் போகும்போது இதையும் சொல்லுங்கள். அரசுக் கல்லூரியில் வளாகத்துக்குள் விழா நடத்த அவருடைய எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும், கல்லூரியும் சங்கமும் சேர்ந்து வழங்கும் விருதாக இருந்தால் மதிப்பும் கூடும். விருது தொடங்குவதைப் பொதுக்குழுவில் தீர்மானமாக நிறைவேற்றி, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிவிடுங்கள்.

பணத்தில் ஒரு இடத்தில் மட்டும் மிகுந்த கவனம் தேவை, அது வெளிநாட்டிலிருந்து வரும் தொகை. உங்கள் பேட்ச்மேட் துபாயிலோ டெக்சாஸிலோ வேலை பார்த்தாலும், இந்தியக் குடியுரிமையோடு இருந்து, தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து முறையான வங்கி வழியில் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையில் சேராது. அதே ஆள் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டால், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை கையில் இருந்தாலும், அவர் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடைதான். அதற்கு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010இன் கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தத் தொகையைப் பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வாங்க முடியும். பாசத்தில் அனுப்பிய ஐந்நூறு டாலர் சங்கத்தையே வம்பில் மாட்டிவிடும். அதனால் பொருளாளர் ஒவ்வொரு வெளிநாட்டு நண்பரிடமும் குடியுரிமையைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

விருதுக்குப் பெரிய தொகை தேவையில்லை. ரொக்கப் பரிசு வைக்காதீர்கள் என்பது என் கருத்து. வைப்புநிதி ஒன்றைப் போட்டு, அதன் வட்டியில் பட்டயம், பயணச் செலவு, சாப்பாடு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். பரிந்துரைக்கப்பட்டவர்களிடம் அந்த வருடம் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள்.

படி 3: விதிகளை எழுதுங்கள்

ஒரு பக்கம் போதும். அதில் இருக்க வேண்டியவை: வருடத்துக்கு எத்தனை பேர் (மூன்றிலிருந்து ஐந்து வரை நல்லது, பத்தானால் மதிப்பு போய்விடும்), 40 வயதுக்குள் ஒருவருக்குத் தனி விருது உண்டா, மறைந்தவர்களுக்கு உண்டா, பதவியில் இருக்கும் அரசியல்வாதிகளைச் சேர்ப்பதா, சங்க நிர்வாகிகள் விருது பெறலாமா.

கடைசிக் கேள்விக்குக் கூடாது என்பதே என் பதில். பதவியில் இருக்கும்போது மட்டுமல்லாமல், விலகி மூன்று வருடம் ஆகும் வரையிலும் கூடாது. அரசியல்வாதிகளுக்கும் பதவிக்காலம் முடியட்டும். மறைந்தவர்களைப் பொறுத்தவரை, பத்ம விருதுகள் வழக்கமாக மறைந்தவர்களுக்கு வழங்கப்படுவதில்லை, மிகத் தகுதியான நேர்வுகளில்தான் விலக்கு. நம் கல்லூரிகளுக்கு நான் வேறு மாதிரிச் சொல்வேன். கண்டுகொள்ளப்படாமலே மறைந்த மூத்தவர்களுக்கென்று முதல் சில வருடங்களாவது ஒரு இடம் ஒதுக்குங்கள்.

விதியில் துறைகளைப் பரப்பி எழுதுங்கள். 'தொழில்' என்றதும் ஐ.டி. கம்பெனி மேலாளரும் தொழிலதிபரும் மட்டும் நினைவுக்கு வந்துவிடுவார்கள். மின்வாரியம், ரயில்வே, நீதிமன்றம், மருத்துவமனை, பள்ளிக்கூடம், விவசாயம், மொழிபெயர்ப்பு, நாடகம், சமூகப் பணி எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். பெயர் இருந்தால்தான் பரிந்துரை வரும்.

படி 4: தேடல்

உழைப்பில் பாதி இங்கேதான் போக வேண்டும். பரிந்துரை கேட்டு வாட்ஸாப்பில் ஒரு செய்தி போட்டுவிட்டுக் காத்திருந்தால், குழுவில் ஏற்கெனவே சத்தமாகப் பேசுகிறவர்களின் பெயர்தான் திரும்பத் திரும்ப வரும். சத்தமில்லாமல் வேலை பார்க்கிறவர்கள் அந்தக் குழுவிலேயே இருக்க மாட்டார்கள்.

பழைய ஆண்டு மலர்களை எடுங்கள். நூலகத்தில் கட்டுக்கட்டாகத் தூசி படிந்து கிடக்கும். அதில் துறைவாரியாக வகுப்புப் படம் இருக்கும். முன்வரிசையில் நாற்காலியில் பேராசிரியர்கள், பின்னால் படிப்படியாக மாணவர்கள், கீழே இடமிருந்து வலமாகப் பெயர்கள். அந்தப் பெயர்களை ஒரு எக்ஸெல் தாளில் ஏற்றுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'யாருக்குத் தெரியும்?' என்று ஒரு கட்டம் வையுங்கள். ஒரு பேட்சில் இரண்டு பேரைப் பிடித்தால், அவர்கள் மற்ற இருபது பேரைச் சொல்வார்கள். பல்கலைக்கழகத் தரவரிசை, விளையாட்டு அணி, என்.சி.சி., என்.எஸ்.எஸ். பட்டியல்களையும் விடாதீர்கள்.

அப்புறம், ஓய்வு பெற்ற ஆய்வக உதவியாளர்களையும் விடுதிப் பணியாளர்களையும் போய்ப் பாருங்கள். பேராசிரியர்களுக்குத் தெரியாததெல்லாம் அவர்களுக்குத் தெரியும். "அந்த ஒல்லிப் பையன் இருந்தானே சார், எங்க வீட்லதான் சாப்பிடுவான், இப்போ நாக்பூர்ல ரயில்வேல பெரிய என்ஜினீயர்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். அந்தத் தகவல் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

பெண்களைத் தேடுவதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். கல்லூரியில் அப்பாவின் இனிஷியலோடு படித்த பெண், கல்யாணத்துக்குப் பிறகு வேறு இனிஷியலிலோ கணவர் பெயரைச் சேர்த்தோ வேறு ஊரில் வாழ்கிறார். ஃபேஸ்புக்கில் பழைய பெயரைத் தட்டினால் வர மாட்டார். தோழிகள் வழியாகத்தான் போக வேண்டும். ஒரு பெண்ணைக் கண்டுபிடித்துப் பேச வைத்தால் அவர் வகுப்புத் தோழிகள் நான்கு பேரையாவது இணைத்துவிடுவார்.

இதைச் செய்யாவிட்டால் என்ன இழப்பு என்று பார்க்கக் கிண்டி பொறியியல் கல்லூரியின் வரலாறே போதும். 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய அந்தக் கல்லூரியில் 1940களில் மூன்று பெண்கள் பொறியியல் படித்தார்கள்: அ. லலிதா, லீலம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா. இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்கள் இவர்கள். திரேசியா கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் பதவி வரை உயர்ந்தார். கணினி அறிவியல் வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள் உட்கார்ந்திருக்கும் இன்றைய கல்லூரிகளில் இந்தப் பெயர்களைக் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேருக்குத் தெரிகிறது என்று.

திரட்டிய தொலைபேசி எண்களைப் பத்திரமாக வையுங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் தகவலை எதற்காக வாங்கினோமோ அதற்கு மட்டும் பயன்படுத்தச் சொல்கிறது. பட்டியலை ரியல் எஸ்டேட் நண்பருக்கோ இன்சூரன்ஸ் ஏஜென்டுக்கோ கொடுத்தால், அதோடு சங்கத்தின் மேலுள்ள நம்பிக்கை தீர்ந்தது.

படி 5: பரிந்துரைப் படிவம்

இரண்டு பக்கம் தாண்டக் கூடாது. பத்ம விருதுக்கே பரிந்துரை விளக்கம் அதிகபட்சம் 800 வார்த்தைகள்தான். நமக்கு 500 போதும். பிறந்த தேதி, படித்த ஆண்டு, துறை, இப்போதைய பணி ஆகியவை ஒரு பகுதி. முக்கியமான பகுதியில் மூன்று கேள்விகள் வையுங்கள்: அவர் செய்த வேலை என்ன? அதனால் யாருக்கு என்ன மாறியது? அதில் அவருடைய பங்கு எவ்வளவு? பதவிகளின் பட்டியலை இதில் எழுத முடியாது, வேலையைத்தான் எழுத முடியும். தேவையானதும் அதுதான்.

தன்னைத் தானே பரிந்துரைக்க அனுமதிக்கலாமா என்று கேட்பார்கள். பத்ம விருதில் அனுமதி உண்டு. நானும் அனுமதிக்கத்தான் சொல்வேன். சிபாரிசுக்கு ஆளில்லாதவர்களுக்கு, குறிப்பாக ஊரை விட்டுப் போனவர்களுக்கு, அது ஒன்றுதான் வழி. கூடவே, குடும்பத்தினரோ வகுப்புத் தோழரோ அல்லாத, அவருடைய வேலையை நேரில் பார்த்த இரண்டு பேரின் பெயர் கேளுங்கள்.

படிவம் தமிழிலும் இருக்கட்டும். கூகுள் ஃபார்ம் மட்டும் போதாது, அஞ்சலில் அனுப்பவும் வழி வையுங்கள்.

படி 6: நடுவர் குழு, சரிபார்ப்பு

ஐந்து பேர் போதும். முதல்வர் அல்லது அவர் நியமிக்கும் மூத்த பேராசிரியர், சங்கத்திலிருந்து ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், கல்லூரிக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு பேர். அந்த வெளியாள் இருவர்தான் குழுவின் முதுகெலும்பு. ஒரு அரசு மருத்துவர், ஒரு மூத்த பத்திரிகையாளர், பக்கத்து ஊர்க் கல்லூரி முதல்வர் என்று யாராகவும் இருக்கலாம். உறவினரின் பெயரோ தொழில் கூட்டாளியின் பெயரோ விவாதத்துக்கு வரும்போது சம்பந்தப்பட்ட நடுவர் அறையை விட்டு எழுந்து போக வேண்டும், அதைத் தீர்மானப் புத்தகத்திலும் எழுத வேண்டும்.

ஒவ்வொருவரும் வீட்டில் தனியாகப் படித்து மதிப்பெண் போட்டுக்கொண்டு வரட்டும். கூட்டத்தில் முதலில் எல்லாருடைய மதிப்பெண்ணையும் போர்டில் எழுதுங்கள், பிறகு பேசுங்கள். மூத்தவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள். இந்த ஒரு சின்ன ஒழுங்கு அதைத் தடுத்துவிடும்.

சரிபார்ப்பை யாரும் விரும்புவதில்லை, ஆனால் அதைத் தவிர்க்கவே கூடாது. நமக்கு வேண்டியவர் மேல் சந்தேகப்படுவதா என்று ஒரு தயக்கம் வரும். எல்லாப் பெயருக்கும் ஒரே மாதிரி செய்தால் அந்தத் தயக்கமே இருக்காது.

முனைவர் பட்டம் என்றால், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் தொகுத்து வைக்கும் சோத்கங்கா தளத்தில் அவருடைய ஆய்வேடு இருக்கிறதா பாருங்கள். பழைய ஆய்வேடுகள் எல்லாம் அதில் ஏறியிருக்காது, அதற்குப் பல்கலைக்கழகத்தில் கேட்க வேண்டும். காப்புரிமை என்றால் இந்தியக் காப்புரிமை அலுவலகத் தளத்தில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். விண்ணப்பித்தது வேறு, வெளியிடப்பட்டது வேறு, வழங்கப்பட்டது வேறு. விண்ணப்பம் 18 மாதங்களில் தானாகவே இதழில் வெளிவந்துவிடும், அதனால் வெளியானதைச் சாதனையாக எடுத்துக்கொள்ள முடியாது. கம்பெனி என்றால் மத்திய கம்பெனி விவகார அமைச்சகத் தளம், மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு. வெளிநாட்டுப் பெயரோடு வரும் 'சர்வதேச விருது'களையும் கவனித்துப் பாருங்கள். பதிவுக் கட்டணம் கட்டினால் ஹோட்டல் அரங்கில் கோப்பை தருகிற அமைப்புகள் நிறைய இருக்கின்றன. அப்படி ஒரு கோப்பை வாங்கினார் என்பதற்காக ஒருவரைத் தள்ளிவிட வேண்டாம், அதைக் கணக்கில் எடுக்காமல் விட்டால் போதும்.

படி 7: தகவல் சொல்லுதல்

முடிந்தால் அவருக்குப் பாடம் எடுத்த ஆசிரியர் ஒருவரை வைத்துப் போனில் சொல்லச் சொல்லுங்கள். முப்பது வருடம் கழித்து அந்தக் குரலைக் கேட்பது விருதைவிடப் பெரிதாக இருக்கும். அதன் பிறகு முறையான கடிதம். அவர் சம்மதம் எழுத்தில் வரும் வரை பெயரை வெளியே விடாதீர்கள்.

அரசு ஊழியர் என்றால் குறைந்தது இரண்டு மாதம் முன்னதாகக் கடிதம் போக வேண்டும். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1964இன் 14ஆம் விதி, முன் அனுமதி இல்லாமல் தன்னைப் பாராட்டி நடக்கும் கூட்டத்தில் கலந்துகொள்வதையும் பாராட்டிதழ் வாங்குவதையும் தடை செய்கிறது. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகளுக்கும் இதே மாதிரி விதி உண்டு. கடிதத்தில் விருதின் விவரம், வழங்குவது யார், ரொக்கம் இல்லை என்ற குறிப்பு ஆகியவற்றைத் தெளிவாக எழுதினால் அவர் அதை அப்படியே மேலதிகாரிக்கு அனுப்பிவிடலாம். விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கூப்பிட்டுவிட்டு, அவர் வரவில்லை என்று வருத்தப்படுவது நியாயமில்லை.

போக்குவரத்தும் தங்குமிடமும் உங்கள் பொறுப்பு என்று எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுதுங்கள். வசதியுள்ளவர் தானே பார்த்துக்கொள்வார். வசதியில்லாதவர் கேட்கக் கூசுவார். அதே கடிதத்தில் நன்கொடை பற்றி ஒரு வரிகூட வரக் கூடாது.

படி 8: தகுதியுரை

மேடையில் படிக்கிற அந்த ஒரு பத்தியைக் கடைசி நிமிடத்தில் யாரோ ஒருவரிடம் எழுதச் சொல்வதுதான் வழக்கமாக நடக்கிறது. "பண்பின் சிகரம், பாசத்தின் உறைவிடம், பன்முக ஆற்றலாளர்" என்று எழுதினால் யாருக்கு வேண்டுமானாலும் அது பொருந்தும். மாணவன் காதில் எதுவும் நிற்காது. அடைமொழிகளை எடுத்துவிட்டு, நடந்ததை எழுதுங்கள்.

லலிதாவுக்கு இன்று ஒரு தகுதியுரை எழுத வேண்டியிருந்தால் நான் இப்படி எழுதுவேன்:

"1919இல் பிறந்த அ. லலிதாவுக்கு 15 வயதில் திருமணம் நடந்தது. 18 வயதில் கணவரை இழந்தார், கையில் நான்கு மாதப் பெண் குழந்தை. மறுபடி படிக்க முடிவெடுத்தார். தந்தை பேராசிரியராக இருந்த கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியலில் சேர்ந்து 1943இல் படிப்பை முடித்தார். கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் மின்கடத்தல் பாதைகளையும் துணைமின் நிலையங்களையும் வடிவமைத்தார். பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின்பணிகளில் அவர் உழைப்பும் இருக்கிறது. 1964இல் நியூயார்க்கில் நடந்த முதல் சர்வதேசப் பெண் பொறியாளர், அறிவியலாளர் மாநாட்டில் கலந்துகொண்டார். மகளை வளர்த்து ஆளாக்கினார்."

இதில் ஒரு அடைமொழிகூட இல்லை. படித்துப் பாருங்கள், ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கேட்கிற பெண்பிள்ளை அந்த நான்கு மாதக் குழந்தையை மறக்க மாட்டாள். எழுதியதை விருது பெறுபவருக்கு அனுப்பிச் சரிபார்த்த பிறகே அச்சுக்குக் கொடுங்கள். குடும்பத்தைப் பற்றிய வரிகளுக்கு அவர் சம்மதம் கட்டாயம் வேண்டும்.

அழைப்பிதழ் விஷயத்தில் ஒன்று. பத்ம விருது பெற்றவர் யாராவது வந்தால் பெயருக்கு முன்னால் 'பத்மஸ்ரீ' என்று போடுவது நம் ஊரில் பழகிவிட்டது. 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், பத்ம விருதுகளைப் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ பட்டம் போலப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. பெயருக்குக் கீழே தனி வரியில் விவரமாகக் குறிப்பிட்டால் மரியாதையும் இருக்கும், சிக்கலும் இருக்காது.

படி 9: விழா நாள்

நாள் குறிப்பதில் ஒரு இழுபறி வரும். வெளிநாட்டில் இருப்பவர்கள் டிசம்பர் கடைசியில் வருவார்கள், அப்போது மாணவர்களுக்கு விடுமுறை. மாணவர்கள் இருக்கும் நாளையே எடுங்கள். காலி வளாகத்தில் பேட்ச்மேட்கள் மட்டும் கூடிக் கைதட்டிக்கொள்வதற்கு இவ்வளவு உழைப்பு தேவையில்லை. பொங்கல் முடிந்து ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ ஒரு வேலை நாள் சரியாக இருக்கும். ஐஐடி மெட்ராஸ் தன் விருதுகளை இன்ஸ்டிட்யூட் டே அன்று வழங்குகிறது. அதுபோல உங்கள் கல்லூரி நாளோடு சேர்த்துக்கொண்டால் கூட்டத்துக்கும் கவலையில்லை.

காலையில் மேடை வேண்டாம். விருது பெறுபவர்களை அவரவர் படித்த துறைக்கு அனுப்புங்கள். வகுப்பறையில் முப்பது நாற்பது மாணவர்களோடு ஒரு மணி நேரம், மைக் இல்லாமல். எப்படி வேலை கிடைத்தது, முதல் சம்பளம் எவ்வளவு, இங்கிலீஷ் எப்படிப் பழகினீர்கள், வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்பார்கள். இந்தக் கேள்விகளெல்லாம் அரங்கத்தில் வராது. நாள் முழுவதையும் ஒரே ஒரு மணி நேரமாகச் சுருக்கச் சொன்னால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

மேடை நிகழ்ச்சி இரண்டு மணி நேரத்துக்குள் முடியட்டும். தமிழ்த்தாய் வாழ்த்து, ஐந்து நிமிட வரவேற்புரை, பிறகு நேராக விருதுகள். ஒவ்வொரு தகுதியுரையையும் அதே துறை மாணவர் ஒருவர் தமிழில் படிக்கட்டும், இரண்டு நாள் முன்பே ஒத்திகை பார்த்துவிடுங்கள். ஏற்புரைக்கு ஆளுக்குப் பத்து நிமிடம். சிறப்பு விருந்தினர் கடைசியில், சுருக்கமாக. நடு நாற்காலிகள் விருது பெறுபவர்களுக்குத்தான், உள்ளூர்ப் பிரமுகர் யார் வந்தாலும் சரி. ஒருவருக்கு ஒரே ஒரு பொன்னாடை என்று முன்பே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் மொய் எழுதுகிற வரிசை போல ஒவ்வொரு பேட்சாக மேடையேறி, முக்கால் மணி நேரம் ஃபோட்டோவிலேயே போய்விடும். பின்வரிசை மாணவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

முன்வரிசையில் விருது பெறுபவரின் பெற்றோரும் அவருடைய பழைய ஆசிரியர்களும் உட்கார வேண்டும். படியேற முடியாத பெரியவர்கள் இருப்பார்கள், சக்கர நாற்காலியும் ஒரு மாணவத் தொண்டரும் தயாராக இருக்கட்டும்.

படி 10: விழாவுக்குப் பிறகு

வகுப்பறை உரையாடலையும் ஏற்புரைகளையும் வீடியோ எடுத்து வையுங்கள். துறை வராந்தாவில் பெயர்ப்பலகை ஒன்று: பெயர், படித்த ஆண்டு, செய்த வேலை ஒரே வரியில். நூலகத்தில் ஒரு கோப்பு: தகுதியுரை, படம், பரிந்துரைப் படிவம். நாக் குழுவுக்குத் தேவைப்படும் தீர்மான நகல், இடக்குறியீட்டுடன் கூடிய படங்கள், வருகைப் பதிவு ஆகியவற்றை அந்த வாரமே கோப்பில் போட்டுவிடுங்கள். ஐந்து வருடம் கழித்துத் தேடினால் கிடைக்காது.

தேர்வாகாத பெயர்களைத் தூக்கிப் போடாதீர்கள். மூன்று வருடம் வரை அவை பட்டியலில் தானாகத் தொடரட்டும். பரிந்துரைத்தவர்களுக்கு ஒரு கடிதம் போடுங்கள்: உங்கள் பரிந்துரை பத்திரமாக இருக்கிறது, புதிதாக ஏதாவது சேர்க்க வேண்டுமானால் ஜூலைக்குள் அனுப்புங்கள் என்று. நடுவர் குழுவில் வருடத்துக்கு இரண்டு பேரை மாற்றுங்கள். மார்ச் மாதச் செயற்குழுவில் அடுத்த சுற்றுக்கான தேதிகளைக் குறித்துவிடுங்கள்: ஜூலையில் அறிவிப்பு, செப்டம்பர் கடைசியில் பரிந்துரை முடிவு, அக்டோபரில் சரிபார்ப்பும் நடுவர் கூட்டமும், நவம்பர் முதல் வாரத்தில் கடிதங்கள். தேடலுக்கு மட்டும் தேதி போடாதீர்கள், அது வருடம் முழுவதும் நடக்கட்டும். எக்ஸெல் தாளில் 'யாருக்குத் தெரியும்?' கட்டம் காலியாக இருக்கும் பேட்சுகளை எடுத்து, செயற்குழு உறுப்பினர்களுக்கு ஆளுக்கு இரண்டு பேட்ச் என்று பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.